வெள்ளையணுவும் புற்றுநோயும்: கோத்தகிரியில் கேட்ட கேள்விகள்

கோத்தகிரி பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். ஜேம்ஸ் ஆலிசன் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் ஆய்வைப் பற்றி ஊர் நூலகத்தில் பேசக் கூப்பிட்டார்கள். பேச்சைவிடக் கேள்வி நேரம் நீண்டுவிட்டது. எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்கள், பிளஸ் டூ பிள்ளைகள், வீட்டில் நோயாளியை வைத்திருப்பவர்கள் என்று பலரும் கேட்டார்கள். பிறகு வாட்ஸ்அப்பிலும் கேள்விகள் வந்தபடி இருந்தன. திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. சிகிச்சை பற்றிய முடிவை உங்கள் டாக்டரிடம் பேசித்தான் எடுக்க வேண்டும்.

ஆலிசன் அப்படி என்ன கண்டுபிடித்தார்? சுருக்கமா சொல்லுங்க சார்.

நம் வெள்ளையணுக்களில் டி செல் என்று ஒரு வகை உண்டு. கெட்டுப்போன செல்லைத் தேடிக் கொல்வது அதன் வேலை. அந்த டி செல்லில் ஒரு பிரேக் இருக்கிறது, அதைப் பிடிக்க விடாமல் செய்தால் டி செல் புற்றுக்கட்டியையே அழித்துவிடும் என்று எலிகளில் காட்டினார். அதிலிருந்து மனிதர்களுக்கான மருந்தும் வந்தது. ஜப்பானின் தசுகு ஹோன்ஜோ வேறொரு பிரேக்கைக் கண்டுபிடித்தார். இருவருக்கும் சேர்த்து 2018-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

வெள்ளையணுவை நாம பாக்க முடியுமா?

பள்ளி மைக்ராஸ்கோப்பிலேயே பார்க்கலாம். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாக இழுத்து, உலர்த்தி, லீஷ்மன் சாயம் ஊற்றிக் கழுவினால் போதும். லென்ஸில் முதலில் தெரிவதெல்லாம் வெளிர் இளஞ்சிவப்பில் சிவப்பணுக்கள்தான். தகட்டை மெதுவாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும், ஏனென்றால் அறுநூறு எழுநூறு சிவப்பணுவுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் வெள்ளையணு இருக்கும். டி செல் அடங்கிய லிம்போசைட் என்ற வெள்ளையணு வகை சிவப்பணுவைவிடக் கொஞ்சம் பெரிசு. கரு ஊதாவில் ஒரு உருண்டை உட்கரு செல் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும். அதைச் சுற்றி நகக்கீறல் அளவுக்கு ஒரு வெளிர் நீல விளிம்பு. அவ்வளவுதான். பார்த்தால் எந்த வேலையும் செய்யாத செல் போலத் தெரியும். விஞ்ஞானிகளும் 1960 வரை கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தார்கள். தைமஸ் சுரப்பிக்கு எதிர்ப்பாற்றலில் பங்கு உண்டு என்று ஜாக் மில்லர் காட்டியதே 1961-இல்தான். டி செல் அங்கேதான் தேறி வருகிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு கேள்வி: “கவுண்டு ஏறினா கேன்சரா?” பெரும்பாலும் இல்லை. லேப் ரிப்போர்ட்டில் டோட்டல் கவுண்ட் 11,000-ஐத் தாண்டினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தொற்றுநோயைத்தான். ரத்தப் புற்றில் கவுண்ட் மிக அதிகமாகப் போவதுண்டு, ஆனால் அதை உறுதிசெய்ய வேறு பரிசோதனைகள் வேண்டும்.

உடம்புலயே இப்படி ஒரு செல் இருந்தா, அப்புறம் ஏன் கேன்சர் வருது?

அன்று கேட்ட கேள்விகளில் இதைத்தான் சிறந்ததாக நினைக்கிறேன். கேட்டது ஒரு பதினோராம் வகுப்புப் பெண்.

புற்றுச்செல் வெளியிலிருந்து வந்த கிருமி இல்லை, நம்முடைய செல்லே திரிந்து போனது. அதனால் அதை அந்நியமாக அடையாளம் காண்பதே கஷ்டம். அப்படியும் எதிர்ப்புச் செல்கள் பல புற்றுச்செல்களை முளையிலேயே கிள்ளிவிடுகின்றன என்ற கருத்தை 1950-களின் கடைசியில் மெக்ஃபார்லேன் பர்னெட் முன்வைத்தார். ரொம்ப நாள் அது வெறும் கருத்தாகவே கிடந்தது. 2001-இல் ராபர்ட் ஷ்ரைபர் குழுவினர், லிம்போசைட் இல்லாத எலிகளுக்குக் கட்டிகள் அதிகம் வருவதைத் தெளிவாகக் காட்டினார்கள். மனிதர்களிலும் சாட்சி இருக்கிறது. கிட்னி மாற்று செய்துகொண்டு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்குச் சில வகைப் புற்று மற்றவர்களைவிட அதிகம் வருகிறது.

ஷ்ரைபர் இதில் மூன்று கட்டம் சொல்கிறார். முதலில் செல்கள் கட்டியை அழிக்கும். அழியாமல் தப்பியவை வருடக்கணக்கில் வளராமல் அடங்கிக் கிடக்கும். பிறகு, அந்த எதிர்ப்புக்குச் சிக்காத வகைகள் மட்டும் மிஞ்சிப் பெருகும். டாக்டர் கையில் தட்டுப்படும் கட்டி இந்த மூன்றாம் கட்டத்தைச் சேர்ந்தது. அதாவது, நம் எதிர்ப்பாற்றலிடம் ஏற்கெனவே தப்பிக்கக் கற்றுக்கொண்ட கட்டி.

டி செல்லுக்கு எது நல்ல செல், எது கெட்டதுன்னு யாரு சொல்லிக் கொடுக்கறாங்க?

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதல்லவா? பாடம் நடப்பது அந்த நெறியில்தான். புண் இருக்கும் இடத்திலிருந்து டென்ட்ரிடிக் செல் என்ற ஒரு செல், அங்கே கண்ட புரதத் துணுக்குகளை எடுத்துக்கொண்டு நெறிக்கு வரும். அங்கிருக்கும் ஆயிரமாயிரம் டி செல்களிடம் அதைக் காட்டும். எந்த டி செல்லின் ஏற்பி (மேற்பரப்பில் சைகையைப் பிடிக்கும் புரதம்) அந்தத் துணுக்கோடு பொருந்துகிறதோ, அது மட்டும் விழித்துக்கொண்டு பல்கிப் பெருகும். அதனால்தான் நெறி வீங்குகிறது.

ஆனால் துணுக்கு பொருந்தினால் மட்டும் போதாது. சிடி28 என்ற இன்னொரு ஏற்பியிலும் சைகை கிடைத்தால்தான் டி செல் கிளம்பும். இந்த இரட்டைப் பூட்டு இல்லாவிட்டால் தப்பான இலக்கைத் தாக்குவது இன்னும் அதிகமாகியிருக்கும்.

டென்ட்ரிடிக் செல்லை 1973-இல் அடையாளம் காட்டியவர் ரால்ஃப் ஸ்டைன்மன். 2007-இல் அவருக்கே கணையப் புற்று வந்தது. மற்ற சிகிச்சைகளோடு, தன் டென்ட்ரிடிக் செல்களைக் கொண்டு தயாரித்த சோதனைத் தடுப்பூசிகளையும் போட்டுக்கொண்டார். 2011 செப்டம்பர் 30-இல் இறந்தார். மூன்று நாள் கழித்து நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது, இறந்த செய்தி தேர்வுக் குழுவுக்குத் தெரியாது. இறந்தவருக்குப் பரிசு தருவதில்லை என்பது விதி. உயிரோடு இருக்கிறார் என்று நம்பி எடுத்த முடிவு என்பதால் பரிசை அவருக்கே நிலைநிறுத்தினார்கள். அந்தத் தடுப்பூசிகள்தான் அவர் ஆயுளை நீட்டித்தனவா என்றால், ஒரே ஒரு ஆளை வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

நல்லது செய்யற செல்லுக்கு எதுக்கு சார் பிரேக்?

நம் மலை ரயிலில் ஏறியவர்களுக்கு இது புரியும். கல்லாரிலிருந்து குன்னூர் வரை பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம். நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது, அதற்கு வேண்டிய வலு இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு பெட்டியிலும் தனித்தனியாக ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நின்றுகொண்டே வருவார். இந்தச் சரிவில் பிரேக் இல்லாத வண்டியை யாரும் ஓட்டமாட்டார்கள்.

டி செல்லிலும் பிரேக் ஒன்றல்ல, பல. சிடிஎல்ஏ-4 என்ற பிரேக் பெரும்பாலும் நெறிக்குள், டி செல் கிளம்பும் கட்டத்திலேயே பிடிக்கும். பிடி-1 என்பது திசுக்களில், டி செல் சண்டையில் இருக்கும்போது பிடிக்கும். இவை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பதில் 1995-இல் கிடைத்தது. சிடிஎல்ஏ-4 மரபணுவை நீக்கிய எலிக்குட்டிகள் மூன்று நான்கு வாரத்தில் செத்துப்போயின. அவற்றின் டி செல்கள் அடங்காமல் பெருகி இதயம் உட்பட உறுப்புகளுக்குள் புகுந்து நாசம் செய்திருந்தன.

மூட்டுவாதம், சில வகைத் தைராய்டு கோளாறு, சிறுவயதிலேயே வரும் சர்க்கரை நோய் இவற்றிலெல்லாம் எதிர்ப்புச் செல் தன் உடம்பையே தாக்குகிறது. இதைத் தடுக்கவென்றே தனியாக ஒரு டி செல் வகை உண்டு என்று 1995-இல் காட்டியவர் ஷிமோன் சகாகுச்சி. அவருக்கும் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும்தான் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல். புற்றுக்கட்டிகள் இந்த அடக்கும் செல்களையும் தம்மைச் சுற்றிச் சேர்த்துக்கொள்கின்றன.

அந்த எலிப் பரிசோதனையை விவரமா சொல்ல முடியுமா?

சிடிஎல்ஏ-4 என்ற புரதம் 1987-லேயே ஃபிரான்சில் கண்டறியப்பட்டிருந்தது. அது எதற்கு என்பதில் சண்டை. டி செல்லை முடுக்கிவிடுகிறது என்று ஒரு சாரார் சொன்னார்கள். பெர்க்லியில் ஆலிசன் குழுவும் சிகாகோவில் ஜெஃப்ரி புளூஸ்டோன் குழுவும் இல்லை, அது அடக்குகிறது என்றார்கள். அதன் பிறகு பலருக்கும் தோன்றிய யோசனை, இந்தப் பிரேக்கை இன்னும் அழுத்தி மூட்டுவாதம் போன்ற நோய்களை அடக்கலாம் என்பது. அதுவும் நல்ல யோசனைதான். ஆலிசன் மட்டும் தலைகீழாக யோசித்தார்: பிரேக்கைப் பிடிக்கவே விடாமல் செய்தால் புற்றுக்கட்டி என்ன ஆகும்?

1994 கடைசியில் புற்றுக்கட்டி உள்ள எலிகளுக்கு சிடிஎல்ஏ-4-ஐ மறைக்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தைச் செலுத்தினார்கள். அவற்றின் கட்டிகள் கரைந்துபோயின. ஆலிசனால் நம்ப முடியவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறை என்றும் பாராமல் உடனே இன்னொரு முறை செய்தார்கள். அதிலும் மருந்து பெற்ற எலிகளின் கட்டிகள் மறைந்தன. 1996-இல் கட்டுரை வெளியானது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த ஆன்டிபாடி புற்றுச்செல்லைத் தொடவே இல்லை. கீமோ, கரண்டு வைப்பது (கதிர்வீச்சு), ஆபரேஷன் மூன்றும் கட்டியைக் குறிவைக்கும் சிகிச்சைகள். இது டி செல்லைக் குறிவைத்தது. எந்த உறுப்பில் கட்டி என்பதுகூட முதன்மையான கேள்வியாக இல்லாமல் போனது.

ஆலிசன் சிறுவனாக இருந்தபோதே அவர் அம்மா நிணநீர்ப் புற்றில் இறந்துபோனார். மற்றபடி ஆள் ஜாலியானவர். மவுத் ஆர்கன் வாசிப்பார், சக விஞ்ஞானிகளோடு சேர்ந்து ஒரு இசைக்குழுவே வைத்திருக்கிறார்.

1996-லயே தெரிஞ்சிடுச்சுன்னா மருந்து வர 2011 வரைக்கும் ஏன் ஆச்சு?

முதலில் கம்பெனிகள் நம்பவில்லை. எதிர்ப்பாற்றலைக் கொண்டு புற்றைக் குணமாக்குவோம் என்று அதற்கு முன் பலர் சொல்லி ஏமாற்றம்தான் மிஞ்சியிருந்தது. 1891-லேயே நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற அறுவை மருத்துவர், கட்டிக்குள் பாக்டீரியாவைச் செலுத்திப் பார்த்தார். சிலருக்குக் கட்டி கரைந்தது, சிலர் அந்தத் தொற்றிலேயே இறந்தார்கள். யாருக்கு வேலை செய்யும் என்று சொல்ல முடியாததால் அது வழக்கொழிந்தது.

இன்னொரு காரணம் அளவுகோல். கீமோ கொடுத்தால் சில வாரங்களில் கட்டி சுருங்குகிறதா என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். இந்த மருந்து கொடுத்த சிலருக்கு முதல் ஸ்கேனில் கட்டி பெரிதாகத் தெரிந்தது. டி செல்கள் கட்டிக்குள் புகுந்து அதை வீங்கவைத்ததும் அதற்கு ஒரு காரணம். பழைய அளவுகோலில் அது தோல்வி. இதே வகையில் வேறொரு கம்பெனியின் மருந்துச் சோதனை 2008-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. ஆலிசனின் மருந்தைச் சோதித்தவர்கள், கட்டி சுருங்கியதா என்று கேட்பதற்குப் பதில் நோயாளி எத்தனை நாள் வாழ்ந்தார் என்று கணக்கெடுத்தார்கள். முற்றிய மெலனோமா என்ற தோல் புற்றில் ஆயுளை நீட்டித்ததாகக் காட்டப்பட்ட முதல் மருந்து என்று 2010-இல் தெரிந்தது. 2011 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இபிலிமுமாப் என்று பெயர்.

ஹோன்ஜோ பத்தி ரெண்டு வரி?

கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 1992-இல் பிடி-1-ஐக் கண்டுபிடித்தார். புற்றுச்செல் பிடி-எல்1 என்ற புரதத்தைத் தன் மேற்பரப்பில் வைத்துக்கொண்டு, நெருங்கி வரும் டி செல்லின் பிடி-1 பிரேக்கைத் தானே அழுத்திவிடுகிறது. இதைத் தடுக்கும் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் இரண்டும் 2014-இல் வந்தன. இன்று இம்யூனோதெரபி என்று டாக்டர் சொன்னால் பெரும்பாலும் இந்தக் குடும்பத்து மருந்துதான். கையில் ஊசி குத்தி டிரிப்ஸ் போல அரை மணி நேரம் ஏற்றுவார்கள். கீமோவில் கொட்டுவது போல முடி கொட்டுவது இதில் அரிது.

எல்லாருக்கும் குணமாகுமா?

ஆகாது. முற்றிய மெலனோமாவில் இபிலிமுமாப், நிவோலுமாப் இரண்டையும் சேர்த்துக் கொடுத்த சோதனையில், ஐந்தாண்டு கழித்தும் 52 சதவீதத்தினர் உயிரோடு இருந்தார்கள். முன்பு பெரும்பாலானவர்கள் ஒரு வருடம்கூடத் தாண்டாத நோய் அது. 2022-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், குறிப்பிட்ட மரபணுக் கோளாறுள்ள மலக்குடல் புற்று நோயாளிகள் 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் கொடுத்தார்கள். 12 பேருக்கும் கட்டி முழுசாக மறைந்தது. ஆபரேஷனும் கரண்டும் இல்லாமலே.

இதைச் செய்தியில் படித்துவிட்டு ‘கேன்சருக்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு’ என்று ஃபார்வர்ட் செய்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்தக் கோளாறு மலக்குடல் புற்றில் ஒரு சிறு பங்கினருக்கே இருக்கும். அவர்களுடைய செல்லில் மரபணுப் பிழைகள் குவிந்திருப்பதால் டி செல்லுக்கு அடையாளம் காண நிறைய இருக்கிறது. கணையப் புற்றில் பெரும்பாலானவர்களுக்கு இந்த மருந்துகள் பயன் தருவதில்லை. அதனால்தான் சதை எடுத்து டெஸ்ட் செய்யும்போது பிடி-எல்1 அளவு, மரபணுப் பிழை சரிசெய்யும் புரதங்கள் இருக்கின்றனவா என்பதையும் பார்க்கச் சொல்கிறார்கள். அந்த ரிப்போர்ட் வராமல் மருந்துக்கு அவசரப்படாதீர்கள்.

மெலனோமா நம்ம ஊர்ல யாருக்கு வருது? இங்க வர்றது வாய்ப்புற்று. அதுக்கு ஏதாவது உண்டா?

நியாயமான கேள்வி. மெலனோமா வெள்ளைத் தோல்காரர்களிடம்தான் அதிகம். இங்கே கொழுந்து பறிக்கும்போது வெற்றிலை, பாக்கு, புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே நிரை நிரையாக நகர்கிறவர்களை எந்த எஸ்டேட்டிலும் பார்க்கலாம். குளிருக்கு இதமாக இருக்கிறது, பசி தெரிவதில்லை என்பார்கள். ஒதுக்கும் அதே கன்னத்தில்தான் முதலில் வெள்ளைப் படலம் வரும். பாக்கு மட்டும் போட்டாலும் வாய் விறைத்து, திறக்க முடியாமல் போகும் நோய் வருகிறது. அதிலிருந்தும் புற்று வரலாம்.

வாய், தொண்டைப் புற்றுக்கு நிவோலுமாப் உண்டு. சிக்கல் விலை. வழக்கமான அளவில் போட்டால் லட்சக்கணக்கில் போகும். அதனால்தான் மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை செய்த ஒரு சோதனையை நான் பேசும் இடத்திலெல்லாம் சொல்கிறேன். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். அவர்கள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். கூடவே விலை குறைந்த மூன்று மாத்திரைகள். முற்றிய தலை, கழுத்துப் புற்று நோயாளிகள் 151 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மாத்திரை மட்டும், இன்னொன்றுக்கு மாத்திரையோடு இந்தச் சிறு அளவு நிவோலுமாப். ஒரு வருட முடிவில் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 16.3 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். நிவோலுமாப் சேர்ந்த குழுவில் 43.4 சதவீதம்.

இவ்வளவு சிறு அளவு எப்படிப் போதும்? மருந்து போய் ஒட்டும் இடம் டி செல்லின் பிடி-1 ஏற்பி. அந்த ஏற்பிகள் எல்லாம் நிரம்பிவிட்டால் அதற்கு மேல் ஊற்றுவதில் கூடுதல் பயன் இல்லை. கீமோவுக்கு இந்தக் கணக்கு வராது. முழு அளவோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனை அல்ல இது, அதனால் இரண்டும் சமம் என்று சொல்லக் கூடாது. ஆனால் முழு அளவு வாங்கவே முடியாத ஒருவர், “சிறு அளவு எனக்கு ஒத்துவருமா டாக்டர்?” என்று தயங்காமல் கேட்கலாம்.

எந்த மருந்தையும்விட முக்கியம்: வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் களிம்பு தடவிக்கொண்டு உட்காராதீர்கள். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, போய்க் காட்டுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. எந்த மருந்து அதில் அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

கார்-டி, கார்-டின்னு சொல்றாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

வேறு. அதில் நோயாளியின் டி செல்லை வெளியே எடுத்து, புற்றுச்செல்லை அடையாளம் காணும் ஒரு செயற்கை ஏற்பியின் மரபணுவை ஏற்றி, பெருக்கி, திரும்ப உடம்பில் செலுத்துகிறார்கள். சில ரத்தப் புற்றுகளுக்கு மட்டும் இப்போது பயன்படுகிறது. 2012-இல் அமெரிக்காவில் எமிலி ஒயிட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்குக் கொடுத்தபோது காய்ச்சல் எகிறி உயிருக்கே ஆபத்தாகிவிட்டது. ரத்தத்தில் ஐஎல்-6 என்ற சைகைப் புரதம் ஏறியிருந்தது. அதைத் தடுக்கும் மூட்டுவாத மருந்து ஒன்று உண்டென்று டாக்டர் கார்ல் ஜூனுக்கு நினைவு வந்தது, அவர் மகளுக்கே மூட்டுவாதம் இருந்ததால். அந்த மருந்து எமிலியைக் காப்பாற்றியது. புற்றும் போனது.

இந்தியாவில் ஐஐடி மும்பையும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அமெரிக்க விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் என்றாலும் பல லட்சம் ஆகும்.

இம்யூனோதெரபிக்கு சைடு எஃபெக்ட் கிடையாதாமே?

இதை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பிரேக்கை விட்டால் டி செல் புற்றை மட்டும் தாக்கும் என்று உத்தரவாதம் இல்லை. பெருங்குடல், நுரையீரல், ஈரல், தைராய்டு, தோல் எதுவும் வீக்கம் காணலாம். அபூர்வமாக இதயமும். மருந்தை நிறுத்தி மாதங்கள் கழித்தும் வரலாம்.

மலையில் இருக்கிறவர்கள் இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சிகிச்சை கோயம்புத்தூரில் நடக்கும், பக்கவிளைவு வீட்டில் வரும். வயிற்றுப்போக்கு வழக்கத்தைவிட நாலைந்து முறை கூடினால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். அது சாப்பாட்டுக் கோளாறாக இல்லாமல் டி செல் குடலைத் தாக்குவதாக இருக்கலாம். மூச்சு வாங்கினால், இருமல் விடாவிட்டால் ‘குளிர் ஒத்துக்கலை’ என்று தள்ளிப்போடுவது நம் ஊர்ப் பழக்கம். இந்த மருந்து எடுப்பவர்களுக்கு அது ஆபத்து. ஸ்டீராய்டு சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். பர்லியார் பக்கம் மண் சரிந்து ரோடு அடைபட்டால் என்ன செய்வது என்பதை மழைக்காலத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசி, மருந்தின் பெயர், கடைசியாகப் போட்ட தேதி, அழைக்க வேண்டிய எண் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். உள்ளூர் ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் இந்த நோயாளியை முதல்முறை பார்ப்பவராக இருக்கலாம், அந்தச் சீட்டு அவருக்கு.

எதிர்ப்பு சக்தியைக் கூட்ட கிரீன் டீ, தேன், மூலிகைப் பொடி சாப்பிட்டா கேன்சர் வராதில்ல?

அன்று மாலை நான் கொஞ்சம் காரமாகப் பேசியது இதற்குத்தான். ஆலிசனின் ஆய்வு சொல்வதே இந்த விற்பனை வசனத்துக்கு நேரெதிரானது. பல புற்று நோயாளிகளின் உடம்பில் கட்டியை அடையாளம் கண்ட டி செல்கள் ஏற்கெனவே இருக்கின்றன, கட்டிக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றுக்குச் சக்தி போதாமல் இல்லை, பிரேக் பிடிக்கப்பட்டுக் கிடக்கின்றன. பொடியால் அந்தப் பிரேக்கை எடுக்க முடியாது. அப்படியே ஒரு பொடி பொத்தாம் பொதுவாக எதிர்ப்பாற்றலைக் கூட்டுகிறது என்றே வைத்துக்கொள்வோம், அது மூட்டுவாதத்தையும் கூட்டுமே, அதை ஏன் டப்பாவில் எழுதவில்லை?

கிரீன் டீ குடிப்பதில் தவறே இல்லை, நம் தோட்டத்துச் சரக்கு. ஆனால் மயலோமா என்ற எலும்புமஜ்ஜைப் புற்றுக்குக் கொடுக்கும் போர்டிசோமிப் மருந்தோடு கிரீன் டீயில் உள்ள இஜிசிஜி என்ற பொருள் ஒட்டிக்கொண்டு மருந்தை வேலை செய்ய விடாமல் தடுக்கிறது என்று 2009-இல் ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். கிரீன் டீ சாறு மாத்திரைகளை அதிக அளவில் சாப்பிட்டு ஈரல் கெட்டவர்களும் உண்டு. எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார் என்று பயந்து மறைப்பவர்கள்தான் அதிகம்.

அப்போ மூலிகையே வேஸ்ட்டா?

அப்படிச் சொல்லவில்லை. நித்யகல்யாணியைச் சர்க்கரை நோய்க்கு மருந்தாகுமா என்று கனடாவில் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளையணுக்கள்தான் மளமளவென்று குறைந்தன. அதைத் தொடர்ந்து போய் 1958-இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு வின்கிறிஸ்டினும் வந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு இன்றும் முக்கிய மருந்து. ஆனால் அது அளந்து, சுத்திகரித்து, நரம்பில் மட்டுமே ஏற்றும் விஷம். வேலியோரத்துச் செடியைக் கஷாயம் வைத்துக் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல கேன்சர் ஆராய்ச்சி நடக்குதா?

அது தடுப்பூசிக்கான நிறுவனம். 1907-இல் வெறிநாய்க்கடி சிகிச்சைக்காகத் தொடங்கியது, பிறகு முத்தடுப்பூசி வரை தயாரித்தது. ஆனால் தடுப்பூசிக்கும் புற்றுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. காசநோய்க்குக் குழந்தைகளுக்குப் போடும் பிசிஜி கிருமியைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினால் அங்கே மேலோட்டமாக உள்ள புற்று அடங்குகிறது என்று 1976-இல் அல்வாரோ மொராலெஸ் காட்டினார். இன்றும் அதுதான் அந்த நிலைக்கு முதன்மையான சிகிச்சை. கோலியின் பழைய யோசனை இந்த ஒரு உறுப்பில் மட்டும் நிலைத்துவிட்டது.

இன்னொன்று, கர்ப்பப்பை வாய்ப் புற்றைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி. 9 முதல் 14 வயதுக்குள் பெண் குழந்தைகளுக்குப் போட்டால் பலன் அதிகம். இந்தியாவிலேயே செர்வாவாக் என்று தயாராகிறது. ஹெபடைடிஸ் பி ஊசி ஈரல் புற்றைத் தடுக்கிறது. புற்று வந்தபின் டி செல்லோடு மல்லுக்கட்டுவதைவிட இவை எவ்வளவோ மலிவு.

நான் பயாலஜி குரூப். டாக்டராகாம இந்த ஆராய்ச்சிக்குப் போக முடியுமா?

தாராளமாக. ஆலிசனே மருத்துவர் இல்லை, முனைவர் பட்டம் வாங்கிய உயிரியலாளர். பி.எஸ்சி.யில் விலங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் எது எடுத்தாலும் சரி. அதன்பின் ஜாம் போன்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி., பிறகு நெட் தேர்வு, பிஎச்.டி. பெங்களூரு ஐஐஎஸ்சி, புனே தேசிய செல் அறிவியல் மையம், நவி மும்பையில் டாடாவின் ஆக்ட்ரெக் என்ற புற்றுநோய் ஆய்வு மையம், வேலூர் சிஎம்சி என்று இடங்கள் இருக்கின்றன. கணக்கை விட்டுவிடாதே, இன்றைய உயிரியலில் பாதி வேலை கம்ப்யூட்டரில்தான்.

எங்க அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயசு. இந்த வயசுல இம்யூனோதெரபி தாங்குமா?

வயது மட்டுமே தடை இல்லை. அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கு 2015 ஆகஸ்டில் மெலனோமா ஈரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது தெரியவந்தபோது வயது 90. ஆபரேஷன், கரண்டு, கூடவே பெம்ப்ரோலிசுமாப். அந்த டிசம்பரிலேயே ஸ்கேனில் புற்று தெரியவில்லை. அதன்பின் ஒன்பது ஆண்டு இருந்து, 2024 டிசம்பரில் நூறு வயதில் இறந்தார். எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டாக்டர் வயதைவிட மற்றவற்றைத்தான் கூர்ந்து கேட்பார்: எழுந்து நடமாடுகிறாரா, மூட்டுவாதமோ சொரியாசிஸோ உண்டா, ஸ்டீராய்டு சாப்பிடுகிறாரா, நுரையீரலில் பழைய கோளாறு இருக்கிறதா. முன்பு கிட்னி மாற்று செய்திருந்தால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். பிரேக் விட்ட டி செல் அந்தக் கிட்னியையும் தாக்கிவிடக்கூடும். பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள்.